கண் பெருசு, கடுப்பு அதைவிடப் பெருசு

வாசகர் கேள்வி – பதில்: அனிமே சிறப்புப் பக்கங்கள்

ஜப்பானியக் கார்ட்டூனாகிய அனிமே பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்தவற்றில் கேள்வி குறைவு, புகார் அதிகம். பதில் சொல்கிறவன் ஒரு காலத்தில் வடபழனிப் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் வெளிநாட்டு கார்ட்டூன்களுக்கு இன்பிட்வீன், அதாவது இரண்டு முக்கியப் படங்களுக்கு நடுவே வருகிற படம், வரைந்தவன். அதனால் சில இடங்களில் வரைகிறவர்கள் பக்கம் சாய்ந்துதான் பேசுவேன்.

கே: நருட்டோ தொடரில் நருட்டோவும் அவன் நண்பன் சாஸ்கேயும் அருவிக்கரையில் மோதிக்கொண்டதைப் பார்த்து அழுதேவிட்டேன். அடுத்து என்ன என்று ஆவலோடு உட்கார்ந்தால் கறிக் குழம்பு, ராமென் நூடுல்ஸ் கடை என்று எண்பது எபிசோடுக்கு மேல் ஓட்டுகிறார்கள். ஏன் சார் இந்தக் கொடுமை?
— கல்லூரி மாணவி, திருச்சி

ப: கண்ணைத் துடைத்துக்கொண்டு கையோடு 136-வது எபிசோடைப் போட்டிருக்கிறீர்கள். பாவம். அங்கிருந்து 219 வரை அநேகமாக எல்லாமே ஃபில்லர். மூலமான மாங்காவில், அதாவது ஜப்பானிய காமிக்ஸில், இல்லாத சொந்தச் சரக்கு.

காரணம் வெறும் கணக்குதான். வாரப் பத்திரிகையில் மாங்கா ஓர் அத்தியாயம் வருகிறது, சுமார் இருபது பக்கம். அதை அப்படியே படமாக்கினால் அரை எபிசோடுக்குத்தான் காணும். டி.வி.யில் வாராவாரம் இருபது நிமிடத்துக்கு மேல் நிரப்பியாக வேண்டும். மாங்கா தொடங்கிப் பல வருடம் கழித்துக் கிளம்பிய அனிமேகூட ஒரு நாள் அதை எட்டிப் பிடித்துவிடும். பிடித்தபின் நருட்டோ மாதிரி சொந்தக் கதையை இறக்கலாம், அல்லது இருப்பதை இழுக்கலாம். இழுப்பதில் டிராகன் பால் ஸீயை அடித்துக்கொள்ள ஆளில்லை. இன்னும் ஐந்து நிமிடத்தில் நமேக் கிரகம் வெடிக்கும் என்று வில்லன் ஃப்ரீசா சொல்வான். அந்த ஐந்து நிமிடம் ஏறத்தாழ பத்து எபிசோட் ஓடும்! இதற்கென்றே கைவசம் வித்தைகள் உண்டு. சென்ற வாரக் கதைச்சுருக்கம், அடி வாங்குகிறவன் முகம், அதை வேடிக்கை பார்க்கிற ஒவ்வொருவர் முகம், அசையாத ஒரே ஓவியத்தின் மேல் கேமராவை மெல்ல நகர்த்துவது. வசனக் காட்சியா, மூடிய வாய், பாதி திறந்த வாய், முழுக்கத் திறந்த வாய் என்று மூன்று படம் போதும், பக்கம் பக்கமாகப் பேசலாம். 2009-ல் அதே தொடரின் கொழுப்பை வெட்டிவிட்டு ‘காய்’ என்ற பெயரில் மறுபடி ஒளிபரப்பினார்கள். எவ்வளவு இழுத்தார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

இப்போதைய தொடர்கள் பெரும்பாலும் 12, 13 எபிசோடோடு நிறுத்திவிட்டு மாங்கா முன்னால் போகட்டும் என்று காத்திருக்கின்றன. 1999 அக்டோபரிலிருந்து ஓடிக்கொண்டிருந்த ஒன் பீஸே, 2026 முதல் வருடத்துக்கு அதிகபட்சம் 26 எபிசோட்தான் என்று இறங்கி வந்துவிட்டது.

நீங்கள் 220-க்குத் தாவி, அங்கிருந்து அடுத்த தொடரான ஷிப்புடெனுக்குப் போய்விடுங்கள். அது 500 எபிசோட், அதிலும் ஃபில்லர் உண்டு. ஆனால் ஒன்று. வாத்தியார் ககாஷியின் முகமூடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் துரத்துகிற 101-வது எபிசோட் நினைவிருக்கிறதா? விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். அதுவும் ஃபில்லர்தான்.

கே: வயது 34. ஒன் பீஸ் இப்போது ஆரம்பிக்கலாமா?
— வங்கி ஊழியர், நாகர்கோவில்

ப: 2021 நவம்பரிலேயே 1,000 எபிசோடைத் தாண்டியாயிற்று. ஒரு நாளைக்கு மூன்று பார்த்தாலும் ஒரு வருடத்துக்குமேல் ஆகும். மாங்காவாகப் படித்தால் சீக்கிரம் கரை சேரலாம். முடியட்டும், ரிட்டையர் ஆனதும் மொத்தமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்றால், அதற்குள் முடிந்துவிடும் என்று நான் ஜாமீன் கையெழுத்துப் போடமாட்டேன்.

கே: நோ கேம் நோ லைஃப் பார்த்தது காலேஜில். இப்போது எனக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் இருக்கிறது. இரண்டாவது சீசனைக் காணோம். கதை அந்தரத்தில் தொங்குகிறது. இவ்வளவு ரசிகர்கள் இருந்தும் ஏன் எடுக்க மாட்டேன் என்கிறார்கள்?
— மென்பொருள் பொறியாளர், கோயம்புத்தூர்

ப: 2014-ல் வந்தது. 2017-ல் முன்கதையாக ஒரு சினிமா, அதோடு சரி. உங்கள் கடுப்பு நியாயமானது. ஆனால் ‘எடுக்க மாட்டேன்’ என்று யார் சொல்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

அனிமேக்கு நம் ஊர் சினிமா மாதிரி ஒரு தயாரிப்பாளர் என்பது அபூர்வம். பதிப்பகம், இசைக் கம்பெனி, பொம்மைக் கம்பெனி, டி.வி. சேனல், விளம்பர ஏஜென்சி என்று ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ‘தயாரிப்புக் குழு’ அமைப்பார்கள். லாபமும் நஷ்டமும் அவர்களுக்கு. எடுத்துக் கொடுக்கிற ஸ்டுடியோ அந்தக் குழுவில் தானும் பணம் போட்டிருந்தால் ஒழிய, பேசிய தொகையை வாங்கிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட வேண்டியதுதான். பதிப்பகத்தைப் பொறுத்தவரை அந்த 12 எபிசோட், கதைக்கு மூலமான நாவலுக்கு விளம்பரம். அனிமே ஓடியது, நாவல் விற்றது, விளம்பரத்தின் வேலை முடிந்தது. மேற்கொண்டு கதை வேண்டுமென்றால் கடைக்குப் போய்ப் புத்தகத்தை வாங்கிக்கொள்ளுங்கள் என்பதுதான் அவர்கள் திட்டமே. நீங்கள் அந்தரத்தில் தொங்குவது தற்செயல் இல்லை, தொங்க விடப்பட்டிருக்கிறீர்கள்.

முற்றாக நம்பிக்கையை விடவும் முடியவில்லை. தி டெவில் இஸ் எ பார்ட்-டைமர் 2013-ல் முடிந்து, செத்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தபின் 2022-ல் மறுபடி வந்தது. ஸ்பைஸ் அண்ட் வுல்ஃப் 2009-க்குப் பிறகு 2024-ல் முதலிலிருந்தே புதிதாகத் தொடங்கியது. இதற்கு நேர் எதிர் ஜாதியும் உண்டு. அட்டாக் ஆன் டைட்டன் ‘கடைசி சீசன்’ என்று 2020 டிசம்பரில் ஆரம்பித்து, அப்புறம் பாகம் இரண்டு, அப்புறம் சிறப்புப் பாகம், அதற்கும் இன்னொரு பாகம் என்று 2023 நவம்பரில்தான் முடித்தார்கள். ‘இறுதியாக ஒன்றைச் சொல்லி விடைபெறுகிறேன்’ என்று மேடையில் முக்கால் மணி நேரம் பேசுகிறவரின் கைங்கர்யம் அதில் தெரிந்தது.

கே: சண்டை உச்சத்துக்குப் போகும்போதெல்லாம் படம் இருட்டிவிடுகிறது. மின்னல் அடிக்கிற காட்சியில் பின்னால் நிழல் நிழலாகத் தெரிகிறது. டி.வி. மெக்கானிக்கைக் கூப்பிட்டேன், டி.வி. சரியாக இருக்கிறது என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி

ப: மெக்கானிக் சொன்னது உண்மை. பணம் வாங்கியதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

1997 டிசம்பர் 16, செவ்வாய்க்கிழமை மாலை ஆறரை மணி. டோக்கியோவில் போகிமான் 38-வது எபிசோட் ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டருக்குள் நடக்கிற கதை. பாய்ந்து வரும் ஏவுகணைகளைப் பிகாச்சு மின்சாரத்தால் தாக்க, வெடிப்பைக் காட்டுவதற்குத் திரை முழுக்கச் சிவப்பும் நீலமும் விநாடிக்குப் பன்னிரண்டு முறை மாறி மாறி வெட்டியது. சில விநாடிகள்தான். ஜப்பான் முழுவதும் பிள்ளைகளுக்கு வலிப்பு, வாந்தி, மயக்கம். ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் மட்டும் 685 பேர். இதைச் செய்தியில் சொன்ன சேனல்கள் அதே காட்சியை மறுபடி போட்டுக் காட்டி, அதனாலும் சிலர் விழுந்தார்கள் என்பது தனிக் கொடுமை.

தொடர் நான்கு மாதம் நின்றது. அந்த எபிசோட் அதன்பின் எங்கும் ஒளிபரப்பாகவில்லை. 1998-ல் ஜப்பானிய ஒளிபரப்பாளர்கள் விதிமுறை கொண்டுவந்தார்கள். விநாடிக்கு இத்தனை தடவைக்குமேல் ஒளி வெட்டக்கூடாது, சிவப்புக்கு இன்னும் கெடுபிடி. அதற்கு உட்படாத காட்சிகளை இப்போதும் ஒளிபரப்புக்கு முன் மங்கலாக்குகிறார்கள், முந்தின ஃப்ரேமையும் அடுத்ததையும் கலந்துவிடுகிறார்கள். நீங்கள் பார்த்த நிழல் இந்தக் கலவைதான். ஆன்லைனில் வருவது பெரும்பாலும் டி.வி.க்குப் போன அதே பிரதி. புளூரே டிஸ்கில் இந்த இருட்டை அநேகமாக நீக்கிவிடுவார்கள். சில தொடர்களின் தொடக்கத்தில் ‘அறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு, தள்ளி உட்கார்ந்து பாருங்கள்’ என்று ஒரு வரி ஓடுவதும் அந்த மாலையின் பிள்ளைதான்.

ஒரு கொசுறு. அந்தக் காட்சியில் மின்னலைப் பாய்ச்சியது பிகாச்சு. பழி விழுந்தது அதே எபிசோடில் அறிமுகமான போரிகான் என்ற போகிமான் மேல். பிகாச்சு கம்பெனியின் செல்லப்பிள்ளை, தொடர்ந்து நடித்துக்கொண்டிருந்தது. போரிகானுக்கு அதன்பின் தொடரில் கதையே கிடைக்கவில்லை.

கே: டிராகன் பால் கோகுவும் ஒன் பன்ச் மேன் சைட்டாமாவும் மோதினால் யார் ஜெயிப்பார்கள்? ஹாஸ்டலில் இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து பேச்சுவார்த்தையே இல்லை.
— பாலிடெக்னிக் மாணவர், சேலம்

ப: அந்த வாரம் கதை எழுதுகிறவர் யாருடைய சம்பளத்தில் இருக்கிறாரோ அவருடைய ஆள்.

கே: ஒன் பன்ச் மேன் மூன்றாவது சீசனைப் பார்த்து நொந்துபோனேன். முதல் சீசனின் சண்டைகள் எங்கே, இந்த அட்டை பொம்மைகள் எங்கே? வரைந்தவர்களை அவர்களுடைய சமூக வலைத்தளப் பக்கத்திலேயே போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்தேன். ‘உனக்கு ஏன் இந்த வேலை?’ என்று தங்கை சண்டை போடுகிறாள். காசு கொடுத்துப் பார்க்கிறவனுக்குக் கேட்க உரிமை இல்லையா?
— பட்டதாரி இளைஞர், மதுரை

ப: தங்கை பக்கம்தான் நான். படம் மட்டமாக இருந்தது என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு, நானும் சொல்வேன். தப்பு, நீங்கள் போய்த் தட்டிய கதவு.

2015-ல் வந்த முதல் சீசன் மேட்ஹவுஸ் ஸ்டுடியோவில் செய்தது. ஆனால் அந்தச் சண்டைகளை வரைந்தவர்களில் பலர் மேட்ஹவுஸின் மாதச் சம்பளக்காரர்கள் இல்லை. இயக்குநர் ஷிங்கோ நட்சுமே கூப்பிட்டார் என்பதற்காக வெளியிலிருந்து வந்த ஃப்ரீலான்ஸ் ஆட்கள். நட்சுமே அடுத்த வேலைக்குப் போனதும் அந்தக் கூட்டமும் கலைந்தது. 2019-ல் இரண்டாவது சீசன் ஜே.சி. ஸ்டாஃபுக்குப் போனது, மூன்றாவதும் அங்கேதான். எந்த ஸ்டுடியோவுக்கு, எவ்வளவு நாளில், என்ன தொகைக்கு என்பதெல்லாம் மேலே சொன்ன குழு முடிவு செய்கிற விஷயம். அந்த மேஜையில் வரைகிறவனுக்கு நாற்காலி கிடையாது.

வரைகிறவன் என்ன செய்கிறான் என்று சொல்கிறேன். என் மேஜையில் பால் நிறக் கண்ணாடி, அடியில் டியூப் லைட். மேலே ஒரு பெக் பார். துளை போட்ட தாள்களை அதில் மாட்டினால் இம்மி நகராது. கை ஓங்கிய படம் ஒன்று, கை இறங்கிய படம் ஒன்று, இரண்டையும் சீனியர் வரைந்திருப்பார். அவற்றின்மேல் என் வெள்ளைத் தாள். இரண்டு கோட்டுக்கும் நடுவே நான் மூன்றாவது கோட்டைப் போட வேண்டும். இடது கை விரல் இடுக்குகளில் தாள்களைச் செருகி முன்னும் பின்னும் புரட்டினால் கை இறங்குவது தெரியும். கோடு ஒரு நூல் பிசகினால் அதுவும் தெரியும், கை நடுங்குகிற மாதிரி இருக்கும். அழித்து மறுபடி போட வேண்டும். நீளக் கூந்தல்காரி காற்றில் நிற்கிற காட்சி வந்துவிட்டால் தீர்ந்தது, ஒவ்வொரு கற்றைக்கும் தனிக் கோடு. கூலியோ தாள் கணக்கு. கூந்தலுக்கும் அதே காசு, மொட்டைக்கும் அதே காசு. சைட்டாமா மாதிரி ஒரு வழுக்கைத் தலை நாயகன் எங்கள் காலத்தில் வந்திருந்தால் கோயில் கட்டியிருப்போம்.

ஜப்பானிலும் இன்பிட்வீன் வேலைக்குத் தாள் கணக்குதான் பரவலான வழக்கம். ஒரு தாளுக்கு இருநூறு யென்னும் கொஞ்சமும். அதனால்தான் இந்த வேலையில் பெரும்பங்கு கொரியா, சீனா, பிலிப்பைன்ஸ், வியட்நாம் என்று போகிறது. 2024-ல் ஐ.நா. மனித உரிமை மன்றத்தின் பணிக்குழு ஒன்று ஜப்பான் பற்றிக் கொடுத்த அறிக்கையில், அனிமே தொழிலின் குறைந்த கூலியும் நீண்ட வேலை நேரமும் தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கின்றன. நீங்கள் காசு கொடுத்துத்தான் பார்க்கிறீர்கள், மறுக்கவில்லை. அந்தக் காசில் எவ்வளவு அந்தத் தாளுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் என் கேள்வி. எழுதிய அந்த நாலு வார்த்தையை அழித்துவிடுங்கள். தங்கைக்கு என் வணக்கம்.

கே: மகளுக்கு 13 வயது. பள்ளிக்கூடத்துக் கதை என்றுதான் சொல்கிறாள். திடீரென்று குளியல் காட்சி, அரைகுறை ஆடை. நான் உள்ளே நுழைந்தால் ரிமோட்டைத் தேடுகிறாள். கார்ட்டூனில் இதெல்லாம் எதற்கு?
— இல்லத்தரசி, தஞ்சாவூர்

ப: அம்மா, அவள் பார்த்தது ஜப்பானில் பிள்ளைகள் நேரத்தில் வருவதாகவே இருந்திருக்காது. இத்தகைய தொடர்கள் அங்கே நடுநிசிக்கு மேல் ஓடுபவை. அந்த நேரத்தைச் சேனலிடமிருந்து தயாரிப்புக் குழுவே விலைக்கு வாங்குகிறது. போட்ட பணத்தை எடுக்கப் பல வருடம் டிஸ்க் விற்பனையைத்தான் நம்பியிருந்தார்கள். இரண்டு, மூன்று எபிசோட் அடங்கிய டிஸ்க் ஒன்று ஆறாயிரம், ஏழாயிரம் யென். அந்த விலைக்கு வாங்குகிற சிறு கூட்டத்துக்கு என்ன பிடிக்குமோ அது கதைக்குத் தேவையோ இல்லையோ உள்ளே வந்துவிடும். டி.வி.யில் வெள்ளைப் புகையும் ஒளிக்கற்றையும் போட்டு மறைத்துவிட்டு, டிஸ்கில் அந்தப் புகையை நீக்கி விற்ற தொடர்கள் உண்டு.

இதற்கு ரசிகர் கூட்டத்தில் சிலர் சொல்கிற சமாதானம் இன்னும் மோசம். சின்னப் பெண் மாதிரி வரைந்துவிட்டு, ‘இல்லை, அவளுக்கு வயது ஐந்நூறு’ என்பார்கள். வயதை வரைகிற பென்சில் அல்லவா தீர்மானிக்கிறது?

மகளிடம் ரிமோட்டைப் பிடுங்காதீர்கள், அதே படம் போனில் வந்துவிடும். வயதுக் குறியீட்டைப் பாருங்கள், எந்தத் தொடரானாலும் முதல் எபிசோடில் கூட உட்காருங்கள். கைப்பந்து ஆடுகிற ‘ஹைக்யூ’, வயதான சூனியக்காரியின் பயணமாகிய ‘ஃப்ரீரென்’ ஆகியவற்றில் நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள். பாட்டியையும் கூப்பிடலாம்.

கே: தமிழ் டப்பிங்கில் பார்க்கிறேன் என்றால் நண்பர்கள் கேவலமாகப் பார்க்கிறார்கள். ஜப்பானிய மொழியில், ஆங்கில சப்டைட்டிலோடு பார்க்கிறவன்தான் உண்மையான ரசிகனாம்.
— டூவீலர் மெக்கானிக், விழுப்புரம்

ப: அந்த உண்மையான ரசிகர்கள் எல்லாம் ஷின்சானைத் தமிழில் பார்த்துத் தரையில் உருண்டவர்கள்தான், கேட்டுப் பாருங்கள்.

ஜப்பானியக் குரலும் டப்பிங்தான். அங்கே பெரும்பாலும் படத்தை முதலில் செய்துவிட்டுப் பிறகுதான் குரல் கொடுக்கிறார்கள். நாள் நெருக்கினால் படம் முடிந்திருக்காது, பென்சில் கோடுகளை ஓடவிட்டு அதைப் பார்த்துப் பேச வேண்டியிருக்கும். அவர்களில் மகா கலைஞர்கள் உண்டு, அது வேறு. தமிழ் டப்பிங்கில் சில தொடர்களில் எல்லோரும் ஒரே சுருதியில் கத்துகிறார்கள் என்பதும் உண்மை, அதைக் குறை சொல்லலாம். ஆனால் கீழே ஓடுகிற ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தால் மேலே ஓடுகிற படத்தை யார் பார்ப்பது? நாங்கள் தாளோடு மல்லுக்கட்டியது அதற்காகவா? 2025 செப்டம்பரில் டீமன் ஸ்லேயரின் ‘இன்ஃபினிட்டி காஸில்’ இந்தியத் தியேட்டர்களுக்குத் தமிழிலும் வந்தது. அனிமே கம்பெனிக்கே உங்கள் காசு கசக்கவில்லை, நண்பருக்கு ஏன் கசக்கிறது?

கே: இறந்து வேறு உலகத்தில் பிறக்கிற கதைகள் அலுத்துவிட்டன. பெயரே ஒரு பாரா நீளம். கற்பனை வற்றிவிட்டதா?
— நூலகர், புதுச்சேரி

ப: பெயர் நீளத்துக்குக் காரணம் உண்டு. இவற்றில் பல, ‘ஷோசெட்சுகா நி நாரோ’ என்கிற இலவசத் தளத்தில் அமெச்சூர் எழுத்தாளர்கள் தொடராக எழுதியவை. 2004-லிருந்து இருக்கிறது. அங்கே லட்சக்கணக்கான கதைகளின் பட்டியலில் வாசகர் கண்ணில் படுவது தலைப்பு மட்டும்தான். அட்டைப்படம் இல்லை, விளம்பரம் இல்லை. ஆகவே கதைச்சுருக்கத்தையே தலைப்பாக வைத்துவிடுகிறார்கள். அங்கே பெயர் எடுத்தால் பதிப்பகம் வரும், மாங்கா வரும், அனிமே வரும். ஸ்லைம் என்கிற கூழ்ப் பிராணியாகப் பிறந்தவன் கதை அப்படி 2013-ல் தொடங்கி 2018-ல் அனிமே ஆனது. வாசகர் கூட்டம் ஏற்கெனவே இருக்கிறது என்பதால் முதலீட்டுக்குப் பயமில்லை. கற்பனை வற்றவில்லை. கூல்டிரிங்க்ஸ் விற்கிற தானியங்கி இயந்திரமாக ஒருவன் மறுபிறவி எடுத்து நிலவறைகளில் சுற்றுகிற தொடர் 2023-ல் வந்தது, இரண்டாவது சீசனும் எடுத்துவிட்டார்கள். கோயம்புத்தூர்க்காரரிடம் இதைச் சொல்லிவிட வேண்டாம்.

கே: மாங்கா படிப்பவர்கள் கதையை முன்கூட்டியே போட்டு உடைக்கிறார்கள். எனக்குப் பிடித்த ஆள் சாவதைச் சிரிக்கிற பொம்மையோடு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பார்த்தேன்.
— நர்ஸிங் மாணவி, வேலூர்

ப: யார் செத்தது என்று கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அச்சில் எடுத்துவிட்டேன், நீங்கள் பட்டது போதும். ஷோனென் ஜம்ப் ஜப்பானில் திங்கட்கிழமை கடைக்கு வருகிற மாங்காப் பத்திரிகை. அச்சாகி லாரி ஏறிக் கடைகளுக்குப் போகிற வழியில் யாராவது பக்கங்களைப் படம் பிடித்து விட்டுவிடுகிறார்கள். பதிப்பகமே 2019-லிருந்து ‘மாங்கா பிளஸ்’ செயலியில் புதிய அத்தியாயங்களை ஜப்பானோடு ஒரே நேரத்தில் இலவசமாகத் தருகிறது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அங்கே படித்துக்கொள்ளலாம். அதற்கு முந்தின மூன்று, நான்கு நாள்தான் ஆபத்து. அந்த நாட்களில் ஸ்டேட்டஸ்காரரை மியூட் செய்யுங்கள். உறவினராக இருந்தாலும்.

கே: ஹருஹி சுசுமியா பார்க்கிறேன். கோடை விடுமுறை, நீச்சல் குளம், திருவிழா, வானத்தைப் பார்ப்பது. அடுத்த எபிசோடும் அதேதான். அதற்கடுத்ததும். டவுன்லோடில் ஏதாவது கோளாறா?
— ஆர்க்கிடெக்ட், ஈரோடு

ப: எங்கிருந்து டவுன்லோட் என்று கேட்க மாட்டேன். கோளாறு இல்லை. 2009 கோடையில் கியோட்டோ அனிமேஷன் இந்த ஒரே கதையை வாரம் ஒன்றாக எட்டு வாரம் ஒளிபரப்பியது. மூலம் ஒரு சிறுகதைதான். காலம் சுழலில் மாட்டிக்கொண்டது என்பது கதை, அதைப் பார்க்கிறவர்களும் அனுபவிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். பழைய படத்தைத் திருப்பிப் போடவும் இல்லை. எட்டையும் தனித்தனியாக வரைந்து, தனித்தனியாகக் குரல் கொடுத்தார்கள். சட்டை, நீச்சலுடை, கேமராக் கோணம் எல்லாம் ஒவ்வொன்றிலும் வேறு. அந்த வருடம் புதிதாக எடுத்ததே 14 எபிசோட், அதில் எட்டு இது. ஜப்பானில் டிஸ்க் வாங்கியவர்கள் உங்களைவிடக் கொதித்தார்கள்.

வரைந்தவன் என்ற முறையில் எனக்கு அந்த எட்டின் மேலும் ஒரு மயக்கம் உண்டு. பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், முதலாவது, இரண்டாவது, எட்டாவது பார்த்தால் போதும். நீங்கள் மூன்று முடித்துவிட்டதாகத் தெரிகிறது. அப்படியே எட்டுக்குப் போய்விடுங்கள்.